டி.எஸ்.எச். எண் சரியாக இருந்தும் அம்மாவின் உடல் சரியாகவில்லை: தைராய்டு குறைவில் அறிகுறிகளை எவ்வளவு தூரம் நம்பலாம்?

கேள்வி: வண்ணாரப்பேட்டை மகள்

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு வயது 51. பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டுக்குப் பின்னால் இருக்கும் தெருவில், வீட்டின் முன்கட்டில் மெஷின் போட்டு 22 ஆண்டுகளாக ரவிக்கை தைத்து வருகிறார்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், தீபாவளித் தையல் குவியத் தொடங்கிய நேரத்தில், அவருக்கு இரவில் வலது கை விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்தன. தூக்கத்திலிருந்து எழுந்து உட்கார்ந்து கையை உதறிக்கொண்டிருப்பார். பகலில் ஊசியில் நூல் கோர்க்க முடியாமல் என்னைக் கூப்பிடுவார். மெஷின் வேலையால் வந்த வலி என்றே நாங்கள் எல்லோரும் முடிவு கட்டிவிட்டோம். பொங்கல் வாக்கில் குரல் கரகரத்தது. காலையில் கண்ணிமைகள் வீங்கியிருந்தன. தன் ரவிக்கையையே இரண்டு முறை பிரித்துத் தைத்துக்கொண்டார். கத்திரி வெயில் கொளுத்திய மே மாதத்தில், வியர்வையில் நாங்கள் நனைந்துகொண்டிருக்கும்போது, மின்விசிறியை நிறுத்தச் சொல்லிவிட்டுப் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு படுத்திருந்த அன்றுதான் எங்களுக்குப் பயம் வந்தது. இரத்தம் கொடுத்துப் பார்த்தபோது, தைராய்டு சுரப்பு குறையும்போது உயரும் டி.எஸ்.எச். என்ற எண் 48 என்று மிக அதிகமாக வந்தது.

25 மைக்ரோகிராமில் தொடங்கிப் படிப்படியாக 75 வரை தைராய்டு மாத்திரையைக் கூட்டினார்கள். மூன்று நான்கு மாதங்களில் குரல் திரும்பியது, முகவீக்கம் வடிந்தது, விரல் மரப்பு நின்றது, மின்விசிறியும் மறுபடி ஓடத் தொடங்கியது. எங்கள் வீடே பழைய நிலைக்கு வந்துவிட்டதாக நினைத்தோம்.

ஆனால், சென்ற ஆறேழு மாதங்களாக மீண்டும் சோர்வு. பிற்பகல் மூன்று மணிக்கு மேல் துணி வெட்ட உட்காரவே அவரால் முடிவதில்லை. முடி கொத்தாகக் கொட்டுகிறது, மலச்சிக்கல் இருக்கிறது, வாரத்தில் இரண்டு மூன்று இரவுகள் விரல் மரத்துப்போகிறது. இந்த இடைவெளியில் இரண்டு முறை பரிசோதித்தபோது டி.எஸ்.எச். 2.9 என்றும் 3.1 என்றும் வந்திருக்கிறது. நாங்கள் போகும் மருத்துவர் அறிக்கையைப் பார்த்துவிட்டு, எண் சரியாக இருக்கிறது, இது வயதின் சோர்வு என்று அனுப்பிவிட்டார். பக்கத்து வீட்டு அத்தையோ, தான் அப்படித்தான் செய்ததாகவும், ஒரு மாத்திரைக்குப் பதிலாக ஒன்றரை மாத்திரை போட்டால் தெம்பு வந்துவிடும் என்றும் சொல்கிறார்.

உடல் சொல்வதை நம்புவதா, காகிதத்தில் உள்ள எண்ணை நம்புவதா என்று எனக்குத் தெரியவில்லை. அறிகுறிகளை வைத்து மாத்திரையின் அளவைத் தீர்மானிக்க முடியுமா? மருத்துவரிடம் கிடைக்கும் ஐந்து நிமிடத்தில் எதைச் சொன்னால் அவர் காது கொடுத்துக் கேட்பார்? அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.

மறுமொழி 1: பெரம்பூர் செவிலியர் (பணி ஓய்வு)

அன்பு மகளுக்கு, அரசு மருத்துவமனைகளின் புறநோயாளிப் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒன்றரை மாத்திரை என்ற யோசனையை இன்றோடு விட்டுவிடுங்கள். இந்த மாத்திரையில் இருக்கும் லெவோதைராக்சின் உடலில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஏழு நாட்கள் ஆகும். அளவை மாற்றினால் இரத்தத்தில் அது நிலைபெறக் குறைந்தது ஆறு வாரம் வேண்டும். அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரம் கழித்து மறுபரிசோதனை செய்யச் சொல்கிறார்கள். இன்று அரை மாத்திரை கூட்டிப் போட்டு நாளை தெம்பு வந்தது என்றால், அந்தத் தெம்பு மாத்திரையிலிருந்து வந்ததாக இருக்க முடியாது. 2006 ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், 56 நோயாளிகளுக்கு எந்த அளவு கொடுக்கப்படுகிறது என்று சொல்லாமலேயே 25 மைக்ரோகிராம் வித்தியாசத்தில் மாத்திரையை மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். டி.எஸ்.எச். எண் மாறியது, ஆனால் நோயாளிகள் உணர்ந்த அறிகுறிகளில் சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் இல்லை. ஆக, அறிகுறிகளை மட்டும் வைத்து அளவை நுணுக்கமாகத் திருகுவது நடக்கிற காரியம் அல்ல.

அதற்காக அறிகுறிகள் வீண் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். இரத்தப் பரிசோதனை என்ற ஒன்றே இல்லாத காலத்தில் இந்த நோயை அறிகுறிகளைக் கொண்டுதான் கண்டுபிடித்தார்கள், அவற்றைக் கொண்டுதான் குணப்படுத்தவும் செய்தார்கள். 1891 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஜார்ஜ் மர்ரே என்ற மருத்துவர், ஆட்டின் தைராய்டு சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை 46 வயதுப் பெண் ஒருவருக்கு ஊசி வழியாகச் செலுத்தத் தொடங்கினார். முகவீக்கம் வடிகிறதா, பேச்சு வேகமாகிறதா, தோல் வியர்க்கிறதா என்று பார்ப்பதைத் தவிர அவரிடம் வேறு அளவுகோல் எதுவும் இல்லை. அந்தப் பெண் அதன்பின் 28 ஆண்டுகள் வாழ்ந்தார்.

பிற்காலத்தில் அறிகுறிகளுக்கு மதிப்பெண் கொடுக்கும் முறைகள் வந்தன. 1969 இல் ஒன்று, 1997 இல் ஸ்விட்சர்லாந்து மருத்துவர்கள் அதைச் சீர்திருத்தி வெளியிட்ட இன்னொன்று. இரண்டாவது முறையில் நோயாளி சொல்பவை ஏழு: வியர்வை குறைதல், குரல் கரகரத்தல், விரல் மரத்தல், தோல் வறட்சி, மலச்சிக்கல், காது மந்தம், எடை கூடுதல். மருத்துவர் பார்த்துக் கண்டறிபவை ஐந்து: அசைவில் மந்தம், கணுக்கால் அனிச்சை தாமதமாதல், தோல் சொரசொரப்பு, கண்ணைச் சுற்றி வீக்கம், தோல் குளிர்ந்திருத்தல். இந்தப் பன்னிரண்டில் சோர்வு இல்லை என்பதைக் கவனியுங்கள். குளிர் தாங்காமை கூட அதில் சேர்க்கப்படவில்லை. சோர்வு பொய் என்பது இதற்குப் பொருள் அல்ல. தைராய்டு நன்றாக இருப்பவர்களிலும் பலர் சோர்வைச் சொல்வதால், அதை மட்டும் வைத்துத் தைராய்டைப் பிரித்து அறிய முடியாது.

கணுக்கால் அனிச்சையை நான் எத்தனையோ முறை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். நோயாளியை நாற்காலியின் மேல் முழங்காலிட வைத்து, பாதம் வெளியே தொங்கும்படி இருக்கச் செய்து, குதிகாலுக்கு மேலுள்ள தசைநாணில் சிறு சுத்தியால் தட்டுவார்கள். எல்லோருக்கும் போல் பாதம் துள்ளும். ஆனால், திரும்பி வரும்போது தைராய்டு மிகவும் குறைந்தவருக்கு அது, தண்ணீருக்குள் இறங்குவதைப்போல, நிதானமாக இறங்கும். ஒரு முறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். இன்றைய நெரிசலில் இதைச் செய்ய யாருக்கும் நேரமில்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

இனி உங்கள் அம்மாவுக்கு வருகிறேன். அறிகுறி இருக்கிறதா இல்லையா என்பதைவிட, அது எப்போது மாறியது என்பதுதான் முக்கியம். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 25,000 பேருக்கு மேல் பரிசோதித்து 2000 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், ஓர் ஆண்டுக்கு முன் இருந்ததைவிடக் குரல் கரகரப்பாகிவிட்டது, தோல் வறண்டுவிட்டது என்பது போன்ற மாற்றங்களையும் தனியாகக் கேட்டார்கள். தைராய்டு குறைந்தவர்கள் மற்றவர்களைவிட அதிகமான அறிகுறிகளைச் சொன்னார்கள். ஆனால், எந்த ஓர் அறிகுறியும் தனியாக நின்று நோயைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: தைராய்டு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களிலேயே 40 சதவீதம் பேருக்கு டி.எஸ்.எச். எல்லைக்கு வெளியே இருந்தது. மாத்திரை சாப்பிடுகிறோம் என்பதாலேயே எல்லாம் முடிந்துவிடுவதில்லை.

உங்கள் அம்மாவின் அறிகுறிகளை மூன்றாகப் பிரித்துப் பாருங்கள். மாத்திரை தொடங்கியதும் மறைந்து இன்றுவரை திரும்பாதவை ஒரு வகை. குரலும் முகவீக்கமும் குளிரும் அதில் சேரும் என்று நினைக்கிறேன். மறைந்து, பிறகு திரும்பி வந்தவை இரண்டாம் வகை. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் விரல் மரப்பு இதில் இருக்கிறது, மலச்சிக்கலும் முன்பே இருந்து மறைந்தது என்றால் அதுவும் இதில் சேரும். எனக்குக் கவலை தருவது இந்த வகைதான், ஏனென்றால் முன்பு தைராய்டோடு சேர்ந்து வந்து, தைராய்டோடு சேர்ந்து போனவை மறுபடி வந்திருக்கின்றன. மூன்றாம் வகை, மாத்திரையால் ஒருபோதும் மாறாதவை. அவற்றுக்குப் பெரும்பாலும் வேறு காரணம் இருக்கும். 2013 இல் வெளிவந்த, சென்னை உட்பட எட்டு நகரங்களில் நடந்த ஆய்வில், பெரியவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 11 பேருக்குத் தைராய்டு குறைவு இருந்தது. இவ்வளவு பரவலாக இருக்கும்போது, ஒருவருக்குத் தைராய்டும் இரத்தசோகையும், தைராய்டும் சர்க்கரையும் ஒன்றாக இருப்பது அதிசயமே இல்லை. ஹீமோகுளோபின் எவ்வளவு? மாதவிலக்கு நின்றுவிட்டதா, அதிகமாகப் போகிறதா? வைட்டமின் பி12 பார்த்தீர்களா? இரவில் குறட்டை விட்டு மூச்சு நின்று நின்று வருகிறதா? மனம் சோர்ந்திருக்கிறாரா? இவற்றை எல்லாம் யாராவது கேட்டிருக்க வேண்டும்.

கடைசியாக, அவர் காலையில் மாத்திரையை எப்படிச் சாப்பிடுகிறார் என்பதை அவரிடம் கேட்காமல், ஒரு நாள் பக்கத்தில் நின்று உங்கள் கண்ணால் பாருங்கள். வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் டீயோ காப்பியோ பலகாரமோ தொடக்கூடாது. கால்சியம் மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை ஆகியவற்றுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். அவர் தையல் கலைஞர். வாடிக்கையாளர்களுக்கு அளவு நோட்டு வைத்திருப்பார். அதே போலத் தனக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, தேதி போட்டு இவற்றை எழுதச் சொல்லுங்கள். மருத்துவரிடம் "சோர்வாக இருக்கிறது" என்று சொல்வதற்கும், "சென்ற ஆண்டு நின்றிருந்த விரல் மரப்பு சித்திரையிலிருந்து வாரத்துக்கு மூன்று இரவு வருகிறது" என்று சொல்வதற்கும் மிகுந்த வேறுபாடு உண்டு.

மறுமொழி 2: எண்ணூர்க்காரன்

தங்கையே, ஒன்றரை மாத்திரை பற்றி நான் சொல்லியே ஆகவேண்டும். எனக்கு வயது 61. 100 மைக்ரோகிராம் சாப்பிட்டு வந்தேன், எண்ணும் சரியாகவே இருந்தது. சோர்வு போகவில்லை என்பதற்காக, யாரையும் கேட்காமல் 150 ஆக்கிக்கொண்டேன். மருந்துக்கடையில் சீட்டு கேட்கவில்லை, பாட்டிலை எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். முதல் மாதம் எடை குறைந்தது, சுறுசுறுப்பாக இருந்தது, அதனால் நான் செய்தது சரி என்று நினைத்துக்கொண்டேன்.

நான்காவது மாதம் ஒரு விடியற்காலையில், பாலத்தின் படியேறும்போது நெஞ்சுக்குள் கூண்டில் அடைத்த புறா படபடப்பதைப்போல் இருந்தது. உட்கார்ந்தும் நிற்கவில்லை. ஈ.சி.ஜி.யில் இதயத் துடிப்பு ஒழுங்கற்று ஓடுகிறது என்றார்கள். டி.எஸ்.எச். 0.02 இருந்தது. நான்கு நாட்கள் மருத்துவமனையில் இருந்தேன். தைராய்டு அளவுக்கு மீறினால் இதயத் துடிப்பு தடுமாறுவது மட்டுமல்ல, எலும்பும் தேயும் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். மாதவிலக்கு நிற்கும் வயதில் இருக்கும் பெண்களுக்கு எலும்புக் கேடு இன்னும் அதிகம் என்றார்கள். உங்கள் அம்மா அந்த வயதில்தான் இருக்கிறார். படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை, காரணமில்லாமல் எடை குறைவது, அடிக்கடி மலம் போவது ஆகியவையும் அறிகுறிகள்தான். குறைவின் அறிகுறிகளைத் தேடுகிறவர்கள் மிகுதியின் அறிகுறிகளையும் அதே அக்கறையோடு தேட வேண்டும். பக்கத்து வீட்டு அத்தையையும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

மறுமொழி 3: வியாசர்பாடி ஆய்வுக்கூடப் பணியாளர்

செவிலியர் அம்மா அறிகுறிகளைப் பற்றி எழுதிவிட்டார். இரத்தம் எடுத்து இயந்திரத்தில் வைக்கும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்து வருவதால், நான் எண்ணைப் பற்றி எழுதுகிறேன். உங்கள் கேள்வியில் ஒரு வரி எனக்கு உறுத்தியது: முடி கொத்தாகக் கொட்டுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். முடிக்காக உங்கள் அம்மா ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா? அதன் அட்டையில் பயோட்டின் என்று இருக்கிறதா என்று உடனே பாருங்கள்.

காரணத்தைச் சொல்கிறேன். நம் உடலுக்கு ஒரு நாளைக்குத் தேவையான பயோட்டின் ஏறக்குறைய 30 மைக்ரோகிராம். முடிக்கும் நகத்துக்கும் விற்கும் மாத்திரைகளில் 5,000, 10,000 மைக்ரோகிராம் வரை இருக்கும். டி.எஸ்.எச். அளக்கும் பல இயந்திரங்களில், இரத்தத்தில் உள்ள டி.எஸ்.எச்.சைப் பிடித்து நிறுத்துவதற்குப் பயோட்டினையே கொக்கியாகப் பயன்படுத்துகிறார்கள். அந்தக் கொக்கி மாட்டிக்கொள்ளும் இடங்களை மாத்திரையிலிருந்து வந்த பயோட்டின் முன்கூட்டியே நிரப்பிவிட்டால், பிடிபட வேண்டிய டி.எஸ்.எச். கழுவி வெளியேற்றப்பட்டு, இயந்திரம் உண்மையைவிடக் குறைந்த எண்ணைக் காட்டும். தைராய்டு சுரக்கும் ஹார்மோனான டி4-ஐ அளக்கும் பரிசோதனையில் இதற்கு நேர்மாறாக, உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். உண்மையில் எல்லை தாண்டியிருக்கும் டி.எஸ்.எச்., காகிதத்தில் நல்ல பிள்ளையாக எல்லைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2017 ஆம் ஆண்டிலேயே இதைப் பற்றி எச்சரித்தது. எல்லா ஆய்வுக்கூட இயந்திரங்களும் இந்த முறையில் இயங்குபவை அல்ல. ஆனால், எந்த இயந்திரம் என்று தெரியாதபோது, இரத்தம் கொடுப்பதற்கு இரண்டு மூன்று நாட்களுக்கு முன்பே பயோட்டினை நிறுத்திவிடுவதுதான் பாதுகாப்பு.

வேறு சிலவும் உண்டு. டி.எஸ்.எச். இரவில் ஏறி, பகல் நேரத்தில் இறங்கும் இயல்புடையது. ஒரு முறை காலை ஏழு மணிக்கும் அடுத்த முறை மாலை நான்கு மணிக்கும் கொடுத்துவிட்டு இரண்டையும் ஒப்பிடக்கூடாது. அன்றைய மாத்திரையை இரத்தம் கொடுத்த பிறகே போட வேண்டும், ஏனென்றால் போட்டுவிட்டு வந்தால் சில மணி நேரத்துக்கு ஃப்ரீ டி4 (இரத்தத்தில் எதனோடும் ஒட்டாமல் இருக்கும் டி4) உயர்ந்து நிற்கும். கூடுமானவரை ஒரே ஆய்வுக்கூடத்தில் கொடுங்கள். காய்ச்சலோடு இருக்கும் வாரத்தில் வேண்டாம். மாத்திரை பாட்டிலை அடுப்பங்கரை அலமாரியில் வைத்திருந்தால் அதையும் மாற்றுங்கள், நம் ஊர்ச் சூட்டையும் ஈரத்தையும் இந்த மருந்து தாங்காது.

உங்கள் அம்மாவின் உடலும் அறிக்கையும் வேறு வேறு சொல்கின்றன. அப்படி இருக்கும்போது உடலைத்தான் சந்தேகிக்க வேண்டும் என்று இல்லை. அறிக்கையையும் ஒரு முறை சந்தேகித்துப் பாருங்கள் என்று, அந்த அறிக்கையைத் தயாரிக்கும் இடத்தில் இருக்கும் நானே சொல்கிறேன்.

மறுமொழி 4: திருவொற்றியூர் அம்மா

சகோதரி, உங்கள் அம்மாவுக்கு நேர்ந்தது வேறு, எனக்கு நேர்ந்தது வேறு. ஆனாலும், டி.எஸ்.எச். சரியாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்ட இன்னொரு பெண் இந்தப் பக்கத்தைப் படிக்கக்கூடும் என்பதால் எழுதுகிறேன்.

என் இரண்டாவது மகன் பிறந்தபோது எனக்கு இரத்தப்போக்கு நிற்காமல் ஏழு பாட்டில் இரத்தம் ஏற்றினார்கள். பிழைத்தேன். ஆனால் பிள்ளைக்குப் பால் சுரக்கவே இல்லை. அதன்பின் மாதவிலக்கும் வரவில்லை. அக்குள் முடி உதிர்ந்தது, தோல் வெளிறியது, குளிர், மலச்சிக்கல், படுத்தால் எழ முடியாத அசதி, எழுந்து நின்றால் தலைசுற்றல். நான் சென்ற ஒரு தனியார் மருத்துவமனையில் நான்கு ஆண்டுகளில் மூன்று முறை டி.எஸ்.எச். மட்டும் எடுத்து, மூன்று முறையும் சரியாக இருக்கிறது என்று சொல்லி, கடைசியில் மனநலச் சிகிச்சைக்குப் போகச் சொன்னார்கள். பிரசவத்தின்போது என்ன நடந்தது, பால் சுரந்ததா என்று அந்த நான்கு ஆண்டுகளில் ஒருவர் கூடக் கேட்கவில்லை. இதை எழுதும்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

பிறகு வேறோர் இடத்தில் ஒரு பெண் மருத்துவர், என் கதை முழுவதையும் கேட்டுவிட்டு, ஃப்ரீ டி4, கார்ட்டிசால் (உடலே சுரக்கும் ஸ்டீராய்டு ஹார்மோன்) இரண்டையும் எடுக்கச் சொன்னார். இரண்டும் மிகவும் குறைவு. டி.எஸ்.எச். என்பது தைராய்டிலிருந்து வருவதல்ல. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டுக்கு அனுப்பும் ஆணை அது. இரத்தப்போக்கில் அந்தப் பிட்யூட்டரியே பட்டுப்போய்விட்டால், தைராய்டு குறைந்தாலும் ஆணை உயராது, அதனால் எண் சாதாரணமாகவே தெரியும் என்று படம் வரைந்து விளக்கினார். ஷீஹான் நோய் என்று பெயர் சொன்னார். முதலில் ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கி, அதன் பிறகே தைராய்டு மாத்திரை கொடுத்தார். மாற்றிக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து என்றார்.

இன்றும் என் மாத்திரை அளவை டி.எஸ்.எச். பார்த்துத் தீர்மானிப்பதில்லை. ஃப்ரீ டி4 எங்கே இருக்கிறது, குளிர் தாங்குகிறேனா, தோல் எப்படி இருக்கிறது, துடிப்பு எத்தனை என்று பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். என்னைப் போன்றவர்களுக்கு அறிகுறிகள் மருத்துவத்தின் பாதி. பிரசவத்தில் பெரும் இரத்தப்போக்கு, பால் சுரக்காமை, மாதவிலக்கு திரும்பாமை என்ற மூன்றும் யாருக்காவது இருந்தால், டி.எஸ்.எச். ஒன்றோடு திரும்பிவிடாதீர்கள்.

கேள்வி கேட்டவர்: வண்ணாரப்பேட்டை மகள் (இரண்டு வாரம் கழித்து)

எழுதிய அனைவருக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன். திருவொற்றியூர் அக்கா, உங்கள் மறுமொழியை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், அவர் அழுதுவிட்டார்.

செவிலியர் அம்மா சொன்னபடி ஒரு நாள் காலையில் ஒன்றும் சொல்லாமல் அடுப்பங்கரையில் நின்று பார்த்தேன். அம்மா ஐந்தரை மணிக்கு எழுந்து, தைராய்டு மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். அடுப்பில் டீ கொதித்து இறங்குவதற்குள் அலமாரியிலிருந்து இன்னும் இரண்டு டப்பாக்களை எடுத்தார். ஒன்று, முட்டி வலிக்காகச் சென்ற ஆண்டு இறுதியில் கடையில் கேட்டு வாங்கிய கால்சியம். மற்றொன்று, முடிக்காக ஒரு வாடிக்கையாளர் பெண் சொல்லி வாங்கியது. அட்டையைத் திருப்பிப் பார்த்தேன்: பயோட்டின் 10,000 மைக்ரோகிராம். மூன்றையும் டீயோடு சேர்த்து முடித்துவிட்டார். "மறந்துவிடக் கூடாது என்று எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டுக்கொள்கிறேன்" என்றார். மருத்துவர் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டபோது இவற்றை அவர் சொல்லவே இல்லை. இவை மருந்து என்று அவர் நினைக்கவில்லை.

அளவு நோட்டின் கடைசிப் பக்கங்களில், மார்புச் சுற்று, கை நீளம் என்று எழுதும் அதே கட்டங்களுக்குள், அம்மாவும் நானும் உட்கார்ந்து எழுதினோம். எழுதும்போதுதான் விரல் மரப்பு திரும்பி வந்தது கால்சியம் தொடங்கி இரண்டு மாதத்துக்குள் என்று தெரிந்தது. அதே பழைய மருத்துவரிடம்தான் நோட்டையும் இரண்டு டப்பாக்களையும் எடுத்துக்கொண்டு போனோம். உண்மையைச் சொல்ல வேண்டும்: அவர் நோட்டை வாங்கி முழுவதும் படித்தார். அம்மாவை முழங்காலிட வைத்துக் கணுக்காலிலும் தட்டிப் பார்த்தார். பயோட்டினை நிறுத்தி, நான்காம் நாள் காலையில், மாத்திரை போடுவதற்கு முன் இரத்தம் கொடுக்கச் சொன்னார்.

டி.எஸ்.எச். 9.4 என்று வந்திருக்கிறது. ஃப்ரீ டி4 கீழெல்லையை ஒட்டி இருக்கிறது. ஹீமோகுளோபின் 9.8. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வரும் மாதவிலக்கு பத்து நாட்கள் வரை நீடிக்கிறது என்பதையும் அம்மா அன்றுதான் வாய்திறந்து சொன்னார். தைராய்டு மாத்திரையின் அளவை மருத்துவர் கூட்டவில்லை. 75 ஆகவே வைத்து, கால்சியத்தை இரவு உணவுக்குப் பின் தள்ளிவிட்டார். இரும்புச்சத்து மாத்திரை பகலில், தைராய்டு மாத்திரைக்கு ஆறு மணி நேரம் கழித்து. உடலுக்குள் போகும் மருந்து சரியாகப் போனால் இந்த அளவே போதுமா என்று எட்டு வாரம் கழித்துப் பார்ப்போம் என்றார். ஒன்றரை மாத்திரை போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். கால்சியத்தை நிறுத்திய நாளில் அந்த ஒன்றரை மாத்திரை முழுவதும் உடலில் சேர்ந்து, எண்ணூர் அண்ணன் பட்ட பாட்டை அம்மாவும் பட்டிருப்பார்.

எட்டு வாரத்துக்குள் எதை எதிர்பார்க்கலாம் என்று மட்டும் சொல்லுங்கள்.

மறுமொழி 5: பெரம்பூர் செவிலியர் (பணி ஓய்வு)

படித்து மனம் நிறைந்தது, மகளே. எல்லாம் ஒன்றாகத் திரும்பாது. மலச்சிக்கல் சில வாரங்களில் இளகும், ஆனால் இரும்புச்சத்து மாத்திரையே மலச்சிக்கலைத் தரக்கூடியது என்பதால், அதை வைத்துத் தைராய்டை எடை போடாதீர்கள். விரல் மரப்பு மெல்லக் குறையும். எட்டு வாரத்துக்குப் பிறகும் குறையவில்லை என்றால் மணிக்கட்டு நரம்பைத் தனியாகப் பார்க்க வேண்டும், மெஷின் வேலையின் பங்கும் அதில் இருக்கலாம். பிற்பகல் சோர்வில் இரத்தசோகையின் பங்கு பெரிதாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது, ஹீமோகுளோபின் ஏற ஏறத்தான் அது தெளியும். முடி கடைசியாகத்தான் திரும்பும், ஆறு மாதம் பொறுக்க வேண்டும். அதற்குள் இன்னொரு முடி மாத்திரை வீட்டுக்குள் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பத்து நாள் போகும் மாதவிலக்குக்குத் தைராய்டு குறைவும் ஒரு காரணம்தான். ஆனாலும் 51 வயதில் அதைத் தைராய்டின் கணக்கில் எழுதிவிட்டுச் சும்மா இருக்கக்கூடாது. மகளிர் நல மருத்துவர் ஒருவரிடம் இந்த மாதத்துக்குள் காட்டி, கர்ப்பப்பையை ஸ்கேன் செய்து பார்த்துவிடுங்கள். இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

நோட்டைத் தொடர்ந்து எழுதச் சொல்லுங்கள். வாரத்துக்கு ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுதினால் போதும், தினமும் எழுதினால் உடலையே கவனித்துக்கொண்டிருக்கத் தோன்றும். நாடித்துடிப்பையும் ஒரு நிமிடம் எண்ணிப் பக்கத்தில் குறியுங்கள். எட்டாம் வாரம் இரத்தம் கொடுக்கப் போகும்போது, அன்றைய மாத்திரையைக் காகிதத்தில் மடித்துக் கையோடு கொண்டுபோய், இரத்தம் கொடுத்த பிறகு அங்கேயே தண்ணீரோடு விழுங்கச் சொல்லுங்கள். டீயை வீட்டுக்கு வந்து போட்டுக்கொள்ளலாம்.